தலையில் அடிபட்டால்: ஆட விடுவதா, உட்கார வைப்பதா, ஸ்கேனுக்கு ஓடுவதா?

"எத்தனை கோல் அண்ணா?" என்று எங்கள் கோல்கீப்பர் கேட்டான். இரண்டுக்கு ஒன்று, நாம்தான் முன்னால் என்றேன். தலையாட்டிவிட்டுக் கம்பத்துக்குத் திரும்பினான். இரண்டு நிமிடம் போயிருக்கும். கோல் கிக் எடுக்கப் பந்தை வைத்தவன், காலை ஓங்காமல் நிமிர்ந்து மறுபடியும் என்னைப் பார்த்தான். "எத்தனை கோல் அண்ணா?"

வியாசர்பாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டி, அரையிறுதி. கார்னரிலிருந்து வந்த பந்துக்குப் பாய்ந்தவனின் பொட்டில் எதிரணிப் பையனின் முழங்கால் இடித்திருந்தது. விழுந்தான், எழுந்தான், தண்ணீர் பாக்கெட்டின் மூலையைக் கடித்து முகத்தில் பீய்ச்சிக்கொண்டான். மயக்கமில்லை, ரத்தமில்லை, ஒரு புடைப்புகூட இல்லை. நான் கேட்டது ஒரே கேள்வி: "ஒன்றும் இல்லையே தம்பி?" 16 வயதுப் பையன், அரையிறுதியில், அதற்கு என்ன பதில் சொல்வான்?

கோல் கணக்கை இரண்டாம் முறை கேட்டபோதே அவனை வெளியே இழுத்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை. ஆட்டம் முடிய இன்னும் எட்டு நிமிடம்தான், மாற்றுக் கீப்பருக்கு 13 வயது, முன்னிலையோ ஒரே கோல். ஜெயித்தோம். கைகுலுக்கும் வரிசையில் நின்றவன் பாதியிலேயே விலகிப் போய், சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிச் சுவரோரம் வாந்தி எடுத்தான்.

அடுத்த மூன்று வாரத்தில் நானும் அவன் வீட்டாரும் எடுக்க வேண்டியிருந்த முடிவுகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வழிகள் இருந்தன. ஒவ்வொரு வழிக்கும் பரிந்து பேச ஆள் இருந்தார்கள். அவற்றை ஒன்றோடொன்று நிறுத்துப் பார்த்ததில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. வாரத்தில் ஆறு நாள் துறைமுகத்தில் கிளியரிங் வேலை, மாலையிலும் ஞாயிறும் பையன்களோடு மைதானம். இதுபோன்ற மைதானங்களில் முதல் முடிவை எடுப்பது என்னைப் போன்ற ஆட்கள்தான் என்பதால் எழுதுகிறேன்.

நம் வீட்டுப் பாட்டிகளிடம் ஒரு சொல் உண்டு: ஊமைக்காயம். வெளியே எதுவும் தெரியாது, உள்ளே அடி இருக்கும். அடியின் அதிர்ச்சியில் மூளை குலுங்கிச் சிறிது காலம் தடுமாறுவதை டாக்டர்கள் கன்கஷன் என்கிறார்கள். அதற்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் கேட்டதில்லை. இளநீரைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். ஓடு அப்படியே இருக்கும், உள்ளே தண்ணீர் அலையும். தலை திடீரென்று அசைந்து நிற்கும்போது மூளையும் அப்படித்தான் மண்டையோட்டுக்குள் குலுங்குகிறது. அந்த இழுப்பில் நரம்பணுக்களில் உப்புகளின் சமநிலை குலைகிறது: பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே நுழைகிறது. அதைச் சரிசெய்ய அணுக்களுக்கு வழக்கத்தைவிட அதிக ஆற்றல் வேண்டும். அதே நேரத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டமோ குறைகிறது. வரவைவிடச் செலவு கூடிய குடும்பம்போல மூளை சில நாள், சில வாரம் ஓடுகிறது. எலும்பு முறிவதில்லை, ரத்தம் கசிவதில்லை, அதனால் படத்தில் எதுவும் விழாது. மயக்கம் போட்டால்தான் ஆபத்து என்று நம் மைதானங்களில் ஒரு கணக்கு இருக்கிறது. உண்மையில் பத்துக் கன்கஷனில் ஒன்றில்கூட மயக்கம் வருவதில்லை.

மைதானத்தில்: ஆட விடுவதா, ஐந்து நிமிடம் பார்ப்பதா, அன்றைக்கு முடித்துக்கொள்வதா

இந்த நான்கு முடிவுகளில் இதுதான் பெரியது. இதில் தவறினால் மற்ற மூன்றும் கடினமாகும்.

முதல் வழி, நான் செய்தது: தண்ணீர் தெளித்து ஆட விடுவது. இதற்காக வாதாடுகிறவர்கள் சொல்வது, "எங்கள் காலத்தில் எத்தனை அடி வாங்கினோம்!" அந்தக் காலத்தில் அடி வாங்கி, பிறகு என்ன ஆனார்கள் என்று யாரும் கணக்கெடுக்காதவர்களும் இருந்தார்கள் என்பதை அவர்கள் சொல்வதில்லை. அமெரிக்காவில் 69 இளம் விளையாட்டு வீரர்களை வைத்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. அடிபட்டதும் வெளியேறியவர்கள் குணமாகச் சராசரியாக 22 நாள் ஆனது. தொடர்ந்து ஆடியவர்களுக்கு 44 நாள். அந்த எட்டு நிமிடத்தை நான் எங்கள் கீப்பரின் எத்தனை நாளுக்கு விற்றேன் என்று இப்போதும் கணக்குப் போட்டுப் பார்ப்பதுண்டு.

அதைவிடக் கொடியதும் உண்டு, அரிதானாலும். முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால், மூளை தன் ரத்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் திறனை இழந்து வேகமாக வீங்கக்கூடும். 2011-ல் வட அயர்லாந்தில் பள்ளி ரக்பி ஆட்டம் ஒன்றில் 14 வயதுப் பையன் அடிபட்ட பிறகும் ஆட்டத்தில் நீடித்து, மறுபடி மோதி, இறந்துபோனான். இரண்டாம் அடியின் விளைவு என்றே அங்கே விசாரணையில் பதிவானது. சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும்தான் இது பெரும்பாலும் பதிவாகியிருக்கிறது.

இரண்டாவது வழி கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும்: ஐந்து நிமிடம் உட்கார வைத்து, நான்கு கேள்வி கேட்டு, தெளிவாகப் பதில் சொன்னால் உள்ளே அனுப்புவது. கூட டாக்டர் இருக்கும் அணிகள் அப்படித்தான் செய்கின்றன. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில், காதுக்குக் கீழே பட்டது. வெளியே கொண்டுபோய்ச் சோதித்தார்கள், தேறினார், திரும்பி வந்து பேட்டிங்கும் செய்தார். மறுநாள் காலை தலைவலியும் மந்தமும். அவருக்குப் பதில் மார்னஸ் லபுஷேன் இறங்கினார்; அந்த மாதம் முதல் தேதி நடைமுறைக்கு வந்த விதியின்படி டெஸ்ட் கிரிக்கெட்டின் முதல் கன்கஷன் மாற்று வீரர் அவர்தான். டாக்டர் அருகிலிருந்து சோதித்தும் அறிகுறி மறுநாள்தான் தலைகாட்டியது என்றால், சுவரோரம் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார வைத்து நான் கேட்கும் நான்கு கேள்விக்கு என்ன மதிப்பு?

2014 உலகக் கோப்பை கால்பந்து இறுதியாட்டத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோப் கிராமர் அடிபட்டபின் கால் மணி நேரம்போல ஆடினார். "இது இறுதியாட்டம்தானே?" என்று நடுவரிடமே கேட்ட பிறகு, 31-வது நிமிடத்தில்தான் அவரை எடுத்தார்கள். எங்கள் கீப்பரின் கேள்வியும் அதே வகைதான். உலகக் கோப்பையிலேயே அப்படி நடந்தது என்பது எனக்குச் சமாதானமாகாது. என்னிடம் கேள்வி நேராகவே வந்தது, அதுவும் இரண்டு முறை.

ஆக, மூன்றாவது வழிதான்: சந்தேகம் வந்தாலே அன்றைய ஆட்டம் முடிந்தது. கேள்விகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை வெளியே அனுப்புவதற்கான காரணம் தேடத்தான், உள்ளே அனுப்ப அனுமதி கொடுக்க அல்ல. பெயர், ஊர், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பது பயனற்றது, அதெல்லாம் அடிபட்டவனுக்கும் நினைவில் இருக்கும். இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம்? முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாகக் கோல் போட்டது யார்? போன ஆட்டம் யாரோடு, ஜெயித்தோமா? இந்த ஐந்தும் ஆஸ்திரேலியாவில் 1990-களில் சோதித்துப் பார்த்தவை. இன்றைய சர்வதேசப் பரிந்துரைகளிலும் இருக்கின்றன. ஒன்றில் தடுமாறினால் போதும், ஆள் வெளியே. ஐந்துக்கும் சரியாகச் சொல்லியும் கண் மங்குகிறது, தலை பாரமாக இருக்கிறது, வெளிச்சம் குத்துகிறது, "ஏதோ ஒரு மாதிரி இருக்கிறது" என்றால், அப்போதும் வெளியேதான். விழுந்தவன் எழத் தாமதித்தாலோ, எழுந்தவன் கால் பின்னினாலோ, சும்மா இருந்தவன் காரணமில்லாமல் அழுதாலோ சண்டைக்கு வந்தாலோ, கேள்வியே தேவையில்லை.

இதில் நம் மைதானங்களுக்கு ஒரு வசதி இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. ஏழு பேர் போட்டிகளில் பெரும்பாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றிக்கொள்ளலாம். மாற்று எண்ணிக்கை தீர்ந்துவிடும் என்ற கவலை பெரிய அணிகளுக்கு. நமக்கு அந்தச் சாக்குகூட இல்லை. என்னிடம் இருந்தது 13 வயதுப் பையனை நம்ப மனம் வராத ஒரு கஞ்சத்தனம் மட்டும்தான்.

தொப்பி, ஹெல்மெட் பற்றி ஒரு வார்த்தை. கீப்பருக்கு நுரைத் தொப்பி வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது என்றார் ஒரு பையனின் தந்தை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும் என்ற நம்பிக்கை. வெட்டுக்காயத்துக்கும் எலும்பு முறிவுக்கும் அது உண்மை. உள்ளே குலுங்குவதைத் தலைப்பாகை நிறுத்தாது. குத்துச்சண்டையில் 1984 ஒலிம்பிக்கிலிருந்து இருந்த தலைக்கவசத்தை முதல்நிலை ஆண்கள் போட்டிகளிலிருந்து 2013-ல் எடுத்தே விட்டார்கள்.

வீட்டுக்கா, கிளினிக்குக்கா, ஸ்கேன் மையத்துக்கா, அவசரப் பிரிவுக்கா

அன்று சுவரோரம் நின்றுகொண்டு ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். "சோடா வாங்கிக் கொடுத்து வீட்டில் படுக்கச் சொல்லுங்கள்" என்றார் ஒருவர். "தெருமுனை டாக்டரிடம் ஒரு ஊசி" என்றார் இன்னொருவர். "நேரே ஸ்கேன் எடுத்துவிடுவோம், நாமே பார்த்துக்கொள்ளலாம்" என்றார் பைக் வைத்திருந்தவர்.

வீடு என்பது எப்போதும் தவறான வழி அல்ல. லேசான தலைவலி மட்டும், பேச்சு தெளிவு, நேரம் போகப்போக மேம்படுகிறான் என்றால், பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வீட்டில் கவனித்து, மறுநாளுக்குள் டாக்டரிடம் காட்டலாம். தனியாக விடுவதுதான் தவறு. 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஷார்ட் லெக்கில் ஹெல்மெட் இல்லாமல் நின்ற இந்திய கிரிக்கெட் வீரர் ரமன் லம்பாவின் நெற்றியில் பந்து பட்டது. தன் காலாலேயே நடந்து பெவிலியனுக்குப் போனார். பிறகுதான் நிலைமை மோசமானது. உள்ளே ரத்தக் கசிவு. மூன்றாம் நாள் இறந்தார். அது கன்கஷன் அல்ல, வேறு காயம். முதல் மணி நேரத்தில் வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிய என்னாலும் முடியாது, உங்களாலும் முடியாது. அதற்காகத்தான் கூட ஆள்.

எந்த அறிகுறி வந்தால் யோசிக்காமல் 108-ஐ அழைப்பது என்பதில் டாக்டர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. வாந்தி திரும்பத் திரும்ப வருவது, தலைவலி ஏறிக்கொண்டே போவது, வலிப்பு, ஒன்று இரண்டாகத் தெரிவது, கை கால் மரத்துப்போவது அல்லது வலுவிழப்பது, தூக்கக் கலக்கம் கூடி எழுப்ப முடியாமல் போவது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீரோ ரத்தமோ வருவது. கழுத்து வலி இருந்தால் ஆளை அசைக்கவே கூடாது. நான்கு பேர் கை கால் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிக்கும் நம் வழக்கம் அங்கேதான் ஆபத்து.

தெருமுனை கிளினிக்கைப் பற்றி: நல்ல டாக்டர் என்றால் பார்த்துவிட்டு அவரே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். ஆனால் அங்கே வழக்கமாகக் கிடைப்பது ஒரு வலி ஊசி. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மருந்துகள் ரத்தம் உறைவதைத் தளர்த்தும். உள்ளே கசிவு இல்லை என்று தெரியும்வரை, முதல் இரண்டு நாளாவது, அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். பாரசிட்டமால் போதும்.

நேரே ஸ்கேன் மையம் என்பதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு என்பேன். சில ஆயிரம் ரூபாய் போகிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. தலை சிடி ஸ்கேன் ஒன்றின் கதிர்வீச்சு மார்பு எக்ஸ்ரேயைவிட ஏறத்தாழ 100 மடங்கு. வளரும் பிள்ளைக்குத் தேவையென்றால் எடுக்கத்தான் வேண்டும், ஆனால் தேவையா என்று முடிவு செய்ய ஒரு டாக்டர் வேண்டும். அதற்கு அவர்களிடம் சோதித்த அளவுகோல்கள் இருக்கின்றன: இரண்டு மணி நேரமாகியும் தெளிவில்லையா, இரண்டு முறையோ அதற்கு மேலோ வாந்தியா, மண்டையோடு உடைந்த அறிகுறியா, அடிபடுவதற்கு முந்தைய அரைமணி நேரமே நினைவில் இல்லையா. அவை இல்லாத பையனைச் சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்தாலே போதும் என்றுகூட முடிவு செய்வார்கள். ஸ்கேன் மையம் உங்களுக்குப் படம் தரும். பையனின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்காது.

எங்கள் பக்கத்திலிருந்து மூலக்கொத்தளம், மிண்ட் வழியாகப் போனால் ஸ்டான்லி. 24 மணி நேர அவசரப் பிரிவு, சிடி ஸ்கேன், நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவு எல்லாம் ஒரே வளாகத்தில். புளியந்தோப்பு, பேசின் பாலம் பக்கம் இருப்பவர்களுக்கு சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை கிட்ட. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். வசதியான தனியார் ஆஸ்பத்திரியில் நாற்காலி நன்றாக இருக்கும். ஆனால் நிலைமை மோசமானால் அடுத்த அரைமணி நேரத்தில் மண்டையைத் திறக்கக்கூடிய ஆள் எங்கே இருக்கிறார் என்பதுதான் நான் பார்க்கும் கணக்கு. அந்த வசதியுள்ள தனியார் என்றால் அதுவும் சரிதான்.

இன்னொன்று. "பைக்கிலிருந்து விழுந்தான் என்று சொல்லுங்கள், 48 மணி நேரம் இலவசம்" என்று அன்று ஒருவர் காதில் ஓதினார். 2021 டிசம்பரில் தொடங்கிய அந்த அரசுத் திட்டம் சாலை விபத்துக்கானது, மைதானத்துக்குப் பொருந்தாது. அடி எப்படி விழுந்தது என்பதை வைத்தே டாக்டர் அடுத்த அடியை முடிவு செய்கிறார். அங்கே பொய் சொன்னால் நம் பையனுக்குத்தான் நஷ்டம். அரசு ஆஸ்பத்திரிக்குப் போகப் பொய்யே தேவையில்லை.

நாங்கள் போன இடத்தின் பெயர் வேண்டாம். ஸ்கேன் எடுத்தார்கள், கசிவு இல்லை. அதுவரை எல்லாம் சரி. பணியில் இருந்த இளம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நார்மல். ஒன்றும் இல்லை, நாளையிலிருந்தே ஆடலாம்" என்று சொல்லிவிட்டார். அந்தப் படத்தை யாரோ போட்டோ எடுத்து அணியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள்: "ஸ்கேன் நார்மல். ஃபைனலுக்குத் தயார்." கீழே நாற்பது கைதட்டல்கள்.

நம் மைதானத்தில் இந்த ஒரு சொல்லைப்போல ஏமாற்றும் சொல் வேறில்லை. ரத்தம் கசிகிறதா, எலும்பு உடைந்ததா என்ற கேள்விக்குத்தான் ஸ்கேன் பதில் சொல்கிறது. அதற்கு "நார்மல்" என்பது பெரிய நிம்மதி. ஆடலாமா என்ற கேள்வி அதனிடம் கேட்கப்படவே இல்லை. மின்சார மீட்டர் ஓடுகிறது என்பதற்காக வீட்டில் அரிசி இருக்கிறது என்று அர்த்தமா?

வீட்டில்: இருட்டறையா, வழக்கம்போலவா

இது சுருக்கமான விஷயம், ஏனென்றால் அறிவியல் இங்கே தெளிவாகிவிட்டது.

அவன் அம்மாவுக்கு முதல் கவலை தூக்கம். "தூங்க விட்டால் அப்படியே போய்விடுவான்" என்று இரவு முழுக்க உட்கார வைத்திருக்கத் தயாராக இருந்தார். டாக்டர் பார்த்து, அபாய அறிகுறி இல்லை என்று அனுப்பிய பிறகு தூக்கம் மருந்துதான். நடுவில் ஒருமுறை தொட்டுப் பார்த்து, புரண்டு படுக்கிறானா, மூச்சு சீராக இருக்கிறதா என்று கவனித்தால் போதும் அக்கா என்றேன். ஒருமுறை என்றேன், அவர் ஒன்பது முறை பார்த்ததாக மறுநாள் சொன்னார்.

முன்பெல்லாம் அறிகுறி போகும்வரை இருட்டறையில் படுக்க வைத்தார்கள். 2015-ல் அமெரிக்காவில் 88 இளைஞர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தபோது, ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வில் இருந்தவர்களுக்கு அறிகுறிகள் அதிகமாகவும் மெதுவாக மறைவதாகவும் இருந்தன. ஒன்றிரண்டு நாள் ஓய்வெடுத்து மெல்ல நடமாடியவர்கள் மேலாக இருந்தார்கள். 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச நிபுணர் குழுவும் அதையே உறுதிசெய்தது: முதல் 24 முதல் 48 மணி நேரம் இளைப்பாறல், பிறகு நடை. நல்லவேளை. ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியில், ஒற்றை அறையில், ஐந்து பேர் இருக்கும் வீட்டில் இருட்டறை என்பது கரண்ட் போனால்தான் உண்டு.

வழக்கம்போல இருப்பதும் தவறு, முக்கியமாக போன். 12 முதல் 25 வயதுள்ள 125 பேரிடம் நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது: முதல் 48 மணி நேரம் திரையைத் தொடாதவர்களுக்கு அறிகுறி நடுத்தரமாக 3.5 நாளில் தீர்ந்தது, தொட்டவர்களுக்கு 8 நாள். போனைப் பிடுங்கியதும் பையன் ஊரையே கூட்டினான். அவன் அக்கா அதைச் சமையலறையில் உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்தாள். அன்று அந்த வீட்டில் நடந்ததிலேயே பெரிய மருத்துவம் அதுதான்.

மூன்றாம் நாள் காலை படியிறங்கித் தெருமுனை வரை நடந்தான். திரும்பி மூன்று மாடி ஏறியதும் தலை விண்ணென்றது. அரை மணியில் அடங்கியது. அது பரவாயில்லை. பத்துக்கு இவ்வளவு என்று வலியை அவனே மதிப்பிட்டால், இருந்ததைவிட இரண்டு புள்ளிவரை ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கினால் தொடரலாம். மீறினால் அன்றைக்கு நிறுத்தி, நாளை கொஞ்சம் குறைத்துத் தொடங்க வேண்டும். பள்ளிக்கு ஐந்தாம் நாள் அரை நேரம் போனான். மைதானத்துக்கு முன்னால் வகுப்பறை என்ற வரிசையை மாற்றக் கூடாது. கரும்பலகையைப் பார்த்தாலே தலை வலிக்கும் பையன், கிராஸைப் பார்த்து எப்படிப் பாய்வான்? தேர்வு நேரமென்றால் வகுப்பாசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். வெளியே காயம் தெரியாத பிள்ளையை நடிக்கிறான் என்றுதான் முதலில் நினைப்பார்கள்.

திரும்பி வருவது: ஒரு வாரமா, மூன்று வாரமா, ஒரு மாதமா

இறுதியாட்டம் அடுத்த ஞாயிறு. எட்டாம் நாள். வியாழக்கிழமையே பையனுக்குத் தலைவலி இல்லை. அணியில் பாதிப் பேர் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

சர்வதேச வழிமுறை ஆறு படிகள் கொண்டது. அன்றாட நடமாட்டம், பிறகு வேக நடை, சைக்கிள், பிறகு யாரும் மோதாத தனிப் பயிற்சி, பிறகு மோதலில்லாத அணிப் பயிற்சி, பிறகு முழுப் பயிற்சி, கடைசியில் ஆட்டம். படிக்கு 24 மணி நேரமாவது வேண்டும். நான்காம் படிக்கு முன் அறிகுறி முற்றிலும் தீர்ந்து, டாக்டர் ஒப்புதலும் வேண்டும். விரல்விட்டு எண்ணினால் ஒரு வாரத்தில் ஏறிவிடலாம் போலத் தெரியும். எங்கள் குழுவில் ஒருவர் எண்ணியும் காட்டினார். டாக்டரும் பிசியோவும் தினமும் பார்க்கும் அணிக்கான வேகம் அது. அங்கேயும் பெரியவர்களுக்கு இரண்டு வாரம் வரை, பிள்ளைகளுக்கு ஒரு மாதம் வரை ஆவது சாதாரணம்.

பிரிட்டனில் 2023-ல் டாக்டர் இல்லாத அடிமட்ட விளையாட்டுக்கென்றே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். அடிபட்ட நாளிலிருந்து 21 நாளுக்கு முன் போட்டி ஆட்டம் கிடையாது. மோதலுள்ள பயிற்சிக்கு முன் 14 நாள் அறிகுறியே இருக்கக் கூடாது. அவ்வளவுதான். யார் எவ்வளவு துணிச்சல்காரன், இறுதியாட்டம் எப்போது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது அளவுகோல் எங்கள் பக்கத்திலேயே இருந்தது. ராயபுரத்தில் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஒருவரிடம் கேட்டேன். பரம்பரைப் பெயர் சொல்லிக் குத்திய குடும்பம். 1980-ல் நேரு ஸ்டேடியத்தில் முகமது அலி கண்காட்சிக் குத்து ஆடியதை அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவர். "தலையில் வாங்கி ஆட்டம் நின்றால் முப்பது நாள் கயிற்றுக்குள் கால் வைக்கக் கூடாது, பழக்கக் குத்தும் கிடையாது. மூன்று மாதத்தில் இரண்டு முறை என்றால் மூன்று மாதம். வருடத்தில் மூன்று என்றால் ஒரு வருடம். உங்கள் ஃபுட்பாலில் இதற்கு என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். எங்கள் போட்டி விதித்தாளில் ஷூ, ஜெர்சி எண், நுழைவுக் கட்டணம் பற்றி இருந்தது. முரட்டு ஆட்டம் என்று நாம் ஒதுக்கும் ஆட்டம் இந்த ஒரு விஷயத்தில் நம்மைவிடக் கறாராக இருக்கிறது. ஆனால் அந்தக் கறார் போட்டியில் பதிவான அடிக்குத்தான். ஜிம்முக்குள் பழக்கக் குத்தில் வாங்குவது எந்தப் புத்தகத்திலும் ஏறாது என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

மூன்றையும் வைத்துப் பார்த்தால், 18 வயதுக்குக் கீழே, கூடவே டாக்டர் இல்லாத மைதானத்துக்கு நான் தேர்ந்தெடுப்பது 21 நாள். ஆறு படிகளை அதற்குள் பரப்பிக்கொள்ள வேண்டும், அவசரமில்லாமல். ஒரு வாரம் என்பது நம்மிடம் இல்லாத மருத்துவரை நம்பி எழுதியது. மூன்று வாரம் சிலருக்குத் தேவைக்கு அதிகமாக இருக்கலாம்; அதற்கு விலை ஒரு கோப்பை. முன்பே கன்கஷன் வாங்கியவன் என்றால் இன்னும் நீட்டுவேன். ஒரு மாதமாகியும் தலைவலி, கிறுகிறுப்பு, கவனக்குறைவு போகவில்லையென்றால் நாள் எண்ணுவதை விட்டு நரம்பியல் புறநோயாளிப் பிரிவுக்குப் போக வேண்டும். கழுத்துக்கும் சமநிலைக்கும் இயன்முறை சிகிச்சை உண்டு, பலனும் உண்டு.

இறுதியாட்டத்தில் 13 வயதுப் பையன் கம்பத்தில் நின்றான். 3-0 தோற்றோம், அவன் இன்னும் ஐந்தைத் தடுத்தான் என்பதைக் கோப்பை வாங்கியவர்கள்கூடச் சொன்னார்கள். எங்கள் கீப்பர் கோட்டுக்கு வெளியே, வெயிலுக்குத் தொப்பியோடு உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மாலைகளில் கேரம் போர்டு பக்கம் போனான். 2024-ல் உலகக் கோப்பை கேரமில் தங்கம் வென்ற காசிமாவின் வடசென்னையில் மோதலில்லாத விளையாட்டுக்கா பஞ்சம்.

போட்டிக் குழுவுக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். தலையில் அடி என்று சந்தேகம் வந்தால் வெளியே அனுப்பும் அதிகாரம் நடுவருக்கும் இருக்க வேண்டும், எதிரணிக் கோச் சொன்னாலும் நிறுத்த வேண்டும், போனவன் அன்றைக்குத் திரும்பக் கூடாது. சொந்த அணிக் கோச்சை நம்ப வேண்டாம் என்று அதில் எழுதியபோது யாரை நினைத்தேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இன்னும் பதில் வரவில்லை. அந்த ஐந்து கேள்விகளையும் ஒரு அட்டையில் எழுதி, மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, முதலுதவிப் பையில் பஞ்சுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நான்காவது வாரம் திங்கட்கிழமை, டாக்டர் சீட்டோடு வந்தான். முழுப் பயிற்சி. முதல் கிராஸுக்கு மூன்று பேர் நடுவே குதித்து, இரண்டு கையாலும் குத்தி விலக்கினான். மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தவனிடம் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எத்தனை கோல் தம்பி என்றேன்.

"இது பிராக்டிஸ்தானே அண்ணா. யார் எண்ணினார்கள்?" என்றான்.